வார்டில் என்னிடம் கேட்டவை: வீட்டு வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களைப் பராமரிப்பது பற்றி

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தபோது, 1992இல், அரசுப் பணியில் செவிலியராகச் சேர்ந்தேன். 2004இல் மாவட்டம் பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் இரவுப் பணியில் இருக்கும் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு நிற்கவில்லை. "அக்கா, இப்படி ஒருவர் வந்திருக்கிறார், என்ன செய்வது?" என்று தொடங்கும் அந்த அழைப்புகளில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவையும் சட்ட நடவடிக்கையையும் உங்கள் மருத்துவ அலுவலருடன் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

அக்கா, முதலில் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாமா?

கூடாது. சிகிச்சைதான் முதலில். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ அளித்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஓசூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "எங்கள் நிர்வாகம் 'பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு' என்கிறது" என்றாள். மேல்சிகிச்சைக்கு அனுப்பலாம். இரத்தம் வடிய, வலியோடு, வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடாது.

வீட்டு வன்முறையிலும் இப்படித்தான். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் விதிகளின்படி, ஏற்கெனவே புகார் பதிவாகவில்லை என்று காரணம் காட்டி சிகிச்சையை மறுக்க முடியாது. பரிசோதனை அறிக்கையின் நகலையும் அந்தப் பெண்ணுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. நகல் கேட்டு வந்தவரை அலைக்கழித்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

விழுந்துவிட்டேன் என்று சொல்கிறார். அடிபட்டதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. சந்தேகப்படக் காரணங்கள் உண்டு. வழுக்கி விழுந்தவருக்கு உள்ளங்கையும் முழங்காலும் சிராய்க்கும். அடி வாங்கியவருக்கு முகத்திலும் மார்பிலும் முதுகிலும் காயம் இருக்கும். தலையைக் காக்கக் கையைத் தூக்கியிருந்தால் முன்கையின் வெளிப்புறம் கன்றியிருக்கும். பழைய காயமும் புதிய காயமும் ஒரே உடம்பில், வேறு வேறு நிறத்தில் இருக்கும். அறைந்ததில் செவிப்பறை கிழிந்து, "காது அடைத்திருக்கிறது" என்று மட்டும் சொல்லி வருபவர்கள் உண்டு. கர்ப்பிணியின் வயிற்றில் காயம் இருந்தால் இரண்டு முறை யோசிக்க வேண்டியதில்லை.

காயமே இல்லாமல் வருபவர்கள்தாம் அதிகம் தப்பிப்போகிறார்கள். மாதம் இரண்டு முறை தலைவலி, வயிற்றுவலி, "உடம்பெல்லாம் அசதி" என்று வருபவர். அரளி விதையோ எலி மருந்தோ குடித்துவிட்டு வருபவர். வயிறு கழுவி, ஊசி போட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஏன் குடித்தார் என்று கேட்பதில்லை. விஷம் குடித்து வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், தெளிந்த பிறகு, தனியாக வைத்து ஒருமுறையாவது கேளுங்கள்.

மாமியார் பக்கத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?

அவர் இருக்கும்போது கேட்காதீர்கள். என் தொடக்க காலத்தில், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு பெண்ணிடம் "யாரம்மா அடித்தது?" என்று கேட்டுவிட்டேன். அன்று மாலையே கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விட்டார்கள். அவர் மறுபடி வரவில்லை. அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

பிரிப்பதற்கு வழிகள் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனைக்கு என்று கழிப்பறைப் பக்கம் அழைத்துப் போங்கள். எடை பார்க்க, இ.சி.ஜி. எடுக்க, "உள் அறையில் நோயாளி மட்டும்தான்" என்று சொல்லுங்கள். கூட வந்தவரைச் சீட்டுப் பதிய அனுப்பலாம். எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் மொழி. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். தொழிற்சாலைகளுக்கு வடக்கிலிருந்து வந்த பெண்களுக்கு இந்திதான் தெரியும். கூட வந்த கணவரையோ குழந்தையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருத்துவமனை ஊழியரில் ஒருவரைத் தேடுங்கள், அவரும் அதே ஊர்க்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வார்த்தை சொல்லித் தொடங்குவது? அழ ஆரம்பித்துவிட்டால்?

"இந்த மாதிரிக் காயத்தோடு வரும் சிலருக்கு வீட்டில் அடி விழுந்திருக்கும். அதனால் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்களை யாராவது அடிக்கிறார்களா?" நான் சொல்வது இவ்வளவுதான். சுற்றி வளைத்தால் அவரும் சுற்றி வளைப்பார். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். "பின்னால் எப்போது பேச வேண்டும் என்றாலும் வாருங்கள்" என்று சொல்லி வையுங்கள். சிலர் இரண்டாம் முறை, மூன்றாம் முறைதான் வாய் திறப்பார்கள்.

அழுதால் அழட்டும். உட்கார்ந்திருங்கள். "நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை" என்பதைச் சொல்லுங்கள், அதை அவர் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். சொல்லக்கூடாதவை மூன்று: "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்", "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்", "குடிக்காதபோது நல்லவர்தானே". மூன்றையும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். அது எனக்கும் தெரியும்.

கழுத்தை நெரித்தான் என்கிறார். தடம் ஒன்றுமே இல்லை. அனுப்பிவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கழுத்து நெரிபட்ட பலருக்கு வெளியே தடம் இருக்காது. ஆனால் உள்ளே இரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம், மூச்சுக்குழல் மெல்ல மெல்ல வீங்கலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பக்கவாதத்தோடு வரலாம், இறந்தும் போகலாம்.

குரல் கரகரத்திருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் வெள்ளையிலும் இமையின் உட்புறத்திலும் ஊசிமுனை போல் சிவப்புப் புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். மூச்சு வாங்குவதையும் கவனியுங்கள். "அப்போது நினைவு தப்பியதா? சிறுநீர் தன்னை மீறிப் போய்விட்டதா?" என்று கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இதை அவராகச் சொல்ல மாட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லி, கண்காணிப்பில் வைத்து, ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணி என்றால் குழந்தையின் இதயத் துடிப்பையும் பாருங்கள்.

இன்னொன்று. கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை கொன்றுவிடக்கூடும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். வீட்டுக்கு அனுப்புவது பற்றிக் கீழே எழுதியிருப்பதை இவருக்கு இரட்டிப்பாகச் செய்யுங்கள்.

பாலியல் வன்முறை நடந்து இரண்டு நாள் ஆகிறது, குளித்தும்விட்டார். இனி மாதிரி எடுத்து என்ன பயன்?

பயன் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 96 மணி நேரம், அதாவது நான்கு நாள் வரை, மாதிரிகள் எடுக்க வேண்டும். குளித்தாலும் துணி மாற்றினாலும் முயல வேண்டும். அதற்கு மேல் நாளாகியிருந்தாலும் காயங்களைப் பதிய வேண்டும், சிகிச்சை தர வேண்டும். காவல் துறையின் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவரே நேரில் வந்து கேட்டால் போதும்.

உடுத்தியிருந்த துணியை, தரையில் விரித்த வெள்ளைத் தாளின் மேல் நின்று களையச் சொல்லுங்கள். உதிர்வதும் சான்றுதான், அந்தத் தாளையும் மடித்து வையுங்கள். ஈரத்தை நிழலில் காற்றாட உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித் தனிக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். உறையை மூடி முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்று எழுதி வையுங்கள். அவருக்கு மாற்றுத் துணி கொடுக்காமல் இதைத் தொடங்கவே கூடாது. நைட்டி இரண்டு எப்போதும் என் அலமாரியில் இருக்கும். அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை, சொந்தக் காசில் வாங்கி வைத்தேன்.

இரண்டு விரல் சோதனை இன்னும் செய்கிறார்களே, தடுக்க முடியுமா?

முடியும், தடுக்க வேண்டும். உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று பார்க்கப் பிறப்புறுப்பில் இரண்டு விரல் விட்டுச் செய்யும் சோதனை அது. 2013இல் உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. 2022 அக்டோபர் 31இல், அதைச் செய்பவர் தவறிழைத்தவராகவே கருதப்படுவார் என்றும் சொன்னது. படிவத்தில் பழைய கட்டம் இருந்தால் அடித்துவிட்டு, மருத்துவரிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கண்காணிப்பாளரிடம் போங்கள்.

மருந்துகளில் எதற்குக் கால வரம்பு உண்டு?

இரண்டுக்கு உண்டு, அவற்றை நினைவில் வையுங்கள். முதலாவது எச்.ஐ.வி. தடுப்பு மருந்து. 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது இன்னும் நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் காலையில்தான் திறக்கும் என்பதால் இரவு முழுவதும் காத்திருக்காதீர்கள். முதல் வேளை மாத்திரை கேஷுவாலிட்டியிலேயே இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டாவது அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. சீக்கிரம் கொடுத்தால் பலன் கூடும், 5 நாள் வரை கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி, பால்வினை நோய்களுக்கான மருந்து ஆகியவற்றை மருத்துவர் எழுதுவார். மறு வருகைதான் எப்போதும் சறுக்கும் இடம். சித்தேரி மலையிலிருந்து வந்த பெண் வாரம் ஒருமுறை தருமபுரிக்கு வர பஸ்ஸுக்கும் கூலிக்கும் எங்கே போவார்? 28 நாள் மாத்திரையையும் ஒரே தடவையில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். "வீட்டில் யாராவது கேட்டால் என்ன மாத்திரை என்று சொல்வீர்கள்?" என்பதையும் அவரோடு பேசி வையுங்கள்.

பரிசோதனை வேண்டாம், போலீசும் வேண்டாம், மருந்து மட்டும் கொடுங்கள் என்றால்?

மருந்து கொடுங்கள். சிகிச்சை, உடல் பரிசோதனை, மாதிரி எடுத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்று மற்றொன்றை மறுக்கலாம், நடுவில் நிறுத்தவும் சொல்லலாம். மறுத்ததால் சிகிச்சை குறையக்கூடாது.

போலீஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. முதல் பதிலில் சொன்ன 397ஆம் பிரிவு, காவல் துறைக்குத் தகவல் கொடுக்கவும் சொல்கிறது. ஆக மருத்துவமனை தகவல் அனுப்பும். வாக்குமூலம் கொடுப்பதா, வழக்கை நடத்துவதா என்பது அவர் முடிவு. "தகவல் போகும், ஆனால் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது" என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் மறுத்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏமாற்றிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றினால் மறு வருகையை மறந்துவிட வேண்டியதுதான்.

வீட்டில் அடி வாங்கியவர் "வழக்கு வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்" என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையாக உரிமையியல் (சிவில்) சட்டம். அடிக்கக்கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்ற ஆணை, செலவுக்குப் பணம் ஆகியவற்றை அதில் கேட்கலாம். நடந்த வன்முறையைப் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவம் அந்தச் சட்டத்தில் உண்டு, அது ஏற்கெனவே பதியப்படவில்லை என்றால் மருத்துவமனையே நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. என் பணிக்காலம் முழுவதிலும் அந்தப் படிவம் கையில் வைத்திருந்த வார்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

16 வயதுப் பெண், ஆறு மாதக் கர்ப்பம். கணவன் என்று ஒரு பையன் நிற்கிறான், இருவரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இதற்குமா போக்சோ?

ஆம். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்பது சட்டத்தில் இல்லை. மனைவியானாலும் 18க்குக் கீழ் என்றால் விலக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சொன்ன நேரத்தை எழுதி வையுங்கள், தகவல் போனதா என்றும் பாருங்கள்.

இதில் எனக்கு மனம் ஒப்பாத பக்கம் ஒன்று உண்டு. பயந்துகொண்டு பதிவுக்கே வராமல், வீட்டிலேயே பிரசவம் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். 16 வயதில் இரத்த அழுத்தமும் இரத்தசோகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனவே தகவல் கொடுப்பது வேறு, பராமரிப்பு வேறு என்று வையுங்கள். கர்ப்பப் பதிவையோ இரும்புச்சத்து மாத்திரையையோ ஸ்கேனையோ ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அவளைத் தனியாக வைத்து, "உன்னைக் கட்டாயப்படுத்தித் திருமணம் செய்தார்களா?" என்று கேளுங்கள். "சந்தோஷம்" சில சமயம் வாசல் வரைக்கும்தான். பெண் குழந்தையைப் பரிசோதிப்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும், அவள் நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். கருக்கலைப்பு வேண்டுமானால், சிறுமிகளுக்கும் வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கும் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 24 வாரம் வரை வழியுண்டு. அப்படி எடுத்த திசு சான்றுக்கு வேண்டுமென்றால் ஃபார்மலினில் போடாதீர்கள், மரபணுச் சோதனைக்கு உதவாமல் போய்விடும்.

கேஸ் ஷீட்டில் எதை எழுதுவது, எதை விடுவது? "காயம் இல்லை" என்று எழுதினால் வழக்கு விழுந்துவிடாதா?

அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "கணவர் விறகுக் கட்டையால் இடது தோளில் அடித்தார் என்று கூறினார்" என்பது குறிப்பு. "குடும்பத் தகராறு" என்பது எதையும் சொல்லாது. காயத்தின் இடம், நீளம், நிறம், பார்த்த நேரம் ஆகியவை வேண்டும். உடல் படத்தில் குறித்துக் காட்டுங்கள். அவருடைய பழைய நடத்தை, உடை, "அமைதியாக இருந்தார், அழவில்லை" என்ற வியாக்கியானம் எதுவும் வேண்டாம். முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னால் பொய் என்று நினைக்காதீர்கள், அதிர்ச்சியில் நினைவு துண்டு துண்டாகத்தான் வரும்.

காயம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கருத முடியாது என்று சட்டமே சொல்கிறது. நான் வேலையில் சேர்ந்த 1992இல்தான், ஜூன் 20ஆம் தேதி, இதே தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தீர்ப்பு 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றத்தில் வந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு, அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 19 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெண்களின் வாய்மொழிக்கு மதிப்பு இருந்தது. நாம் இன்று எழுதும் மூன்று வரியும் எந்த ஆண்டில் யாருக்குத் தேவைப்படும் என்று தெரியாது. கையெழுத்து புரியும்படி எழுதுங்கள்.

தீக்காயத்தோடு வந்தவர் இரவில் என்னிடம் மட்டும் வேறு கதை சொன்னார். நான் என்ன செய்வது?

உடனே மருத்துவரை எழுப்புங்கள். மரண வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் பதிவு செய்வதுதான் முறை, நினைவு தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர் சான்றளிப்பார். நடுவர் வரும்வரை நோயாளி தாங்க மாட்டார் என்றால் மருத்துவர் பதியலாம். உங்களிடம் சொன்னதையும் நேரம் குறித்து, அவர் பேசிய மொழியிலேயே, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி வையுங்கள். உறவினர்களை வெளியே நிறுத்துங்கள். கேள்வி கேட்டுக் கதையை நீங்கள் நகர்த்தாதீர்கள்.

மறுபடியும் அதே வீட்டுக்குத்தான் போகிறார். எனக்குக் கோபம் வருகிறது.

வரட்டும், முகத்தில் காட்டாதீர்கள். குழந்தைகள், தாய்வீட்டு நிலைமை, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அண்ணன், கையில் காசில்லாமை என்று அவர் கணக்கில் நமக்குத் தெரியாத பல விஷயங்கள் இருக்கும். விட்டுவிட்டு வெளியேறும் நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம் என்பதையும் மறக்கக்கூடாது.

போவதற்கு முன் கேளுங்கள்: அடி முன்பைவிட அதிகமாகிறதா? அரிவாள், கத்தி காட்டியிருக்கிறானா? கொன்றுவிடுவேன் என்றிருக்கிறானா? கழுத்தில் கை வைத்திருக்கிறானா? ஆம் என்றால், அன்றைக்கே, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க வைக்கப் பேசிப் பாருங்கள். இரண்டு மாவட்டத்திலும் உண்டு, சில நாள் தங்கலாம். போயே தீருவேன் என்றால், ஆதார், குடும்ப அட்டை, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத் துணி ஆகியவற்றை நம்பகமான பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். சண்டை தொடங்கினால் சமையலறைப் பக்கம் ஒதுங்க வேண்டாம், அங்கேதான் கத்தியும் அடுப்பும் இருக்கின்றன. பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112, குழந்தைகளுக்கு 1098. எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதற்கும் அடி விழலாம், மனப்பாடம் செய்ய வையுங்கள்.

ஆண் வந்தால்?

எல்லாம் இதேதான். 18க்குக் கீழ் என்றால் பையனுக்கும் போக்சோ உண்டு. வளர்ந்த ஆணுக்கும் திருநங்கைக்கும் வன்புணர்வுச் சட்டப்பிரிவு அப்படியே பொருந்தாது, ஆனால் எச்.ஐ.வி. மருந்துக்கும் காயத்துக்கும் ஆண் பெண் கிடையாது. சிரிக்கும் அட்டெண்டரை வெளியே அனுப்புங்கள்.

அக்கா, இதையெல்லாம் நான் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். என் வீட்டிலேயே இது நடக்கிறது. எங்கள் மருத்துவமனையிலேயே போய்க் காட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வி ஒருவரிடமிருந்து மட்டும் வரவில்லை. உங்கள் மருத்துவமனையில்தான் காட்ட வேண்டும் என்று எதுவும் இல்லை. தருமபுரியில் வேலை பார்த்தால் கிருஷ்ணகிரிக்குப் போங்கள், அங்கே என்றால் இங்கே வாருங்கள். காயத்தைக் காட்டிப் பதிந்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிரந்தரமாக வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் ஆகிய எதில் உள்ள நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம், சம்பளம் வாங்குபவர் என்றாலும்.

கழுத்தைப் பற்றி மேலே எழுதியது உங்களுக்கும் சேர்த்துத்தான். இரவு எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.